மூச்சு வாங்காத பிராணி

பறக்கும் அணிலைப் பார்த்திருக்கிறாயா என்றா கேட்டீர்கள், அக்கா? அது என் தலையில் மூத்திரம் விட்டிருக்கிறது. ஒரு தடவை என்றால் தெரியாமல் நடந்தது என்று விட்டுவிடலாம். கக்கூஸுக்குப் போகிற வழியில், பொழுது சாய்ந்த பிறகு, ஆள் பார்த்து, தலை பார்த்து, வகிடு பார்த்து விடும். அந்த நாற்றம் இருக்கிறதே, அழுகின பலாப்பழத்தை ஈரச் சாக்கில் கட்டிவைத்து ஒரு வாரம் கழித்து அவிழ்த்தால் வருமே, அது. சோப்புப் போட்டால் சோப்பும் சேர்ந்து நாறும்.

கேமராவை உள்ளே வையுங்கள். இந்த பஸ்ஸிலிருந்து அது தெரியாது, பகலில் பொந்துக்குள் சுருண்டு தூங்கும். வால்பாறைக்கு வந்து ரிசார்ட்டில் தங்கி, டார்ச் அடித்து, கொசுக்கடி பட்டும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பொள்ளாச்சிக்கு இறங்குகிறீர்கள். தேயிலை எஸ்டேட்டில் எங்கள் லைன் வீட்டுக்கு வந்திருந்தால் காசில்லாமல் நனைந்திருக்கலாம். உங்களைப் போல வருகிறவர்கள் எல்லாரும் ஒரே குரல்தான். "ஹையோ, சோ க்யூட், அதோட கண்ணப் பாரேன்." ரொம்பச் சரியாக இருக்கிறதா? நீங்கள் முறைப்பதிலிருந்தே தெரிகிறது.

என் பெயர் டைட்டஸ். மஞ்சக்குன்று எஸ்டேட், பிளஸ் ஒன் படிக்கிறேன். எங்கள் ஊரில் யார் குரல் வேண்டுமோ கேளுங்கள், தருகிறேன். இருங்கள், கண்டக்டரைப் பாருங்கள். "ஆழியாறு இறங்குறதெல்லாம் முன்னால வாங்க, படிக்கட்டுல நிக்காதீங்க." பார்த்தீர்களா, பின்னால் ஒரு பெரியவர் பையைத் தூக்கிவிட்டார். உட்காருங்கய்யா, இன்னும் வரலை. ஒரு தடவை ஃபீல்டு ஆபீசர் குரலில், மேட்டுக்குப் பின்னாலிருந்து, மழை வருது எல்லாரும் கீழே வாங்க என்று கத்தினேன். நாற்பது பேர் கூடையோடு இறங்கி வந்துவிட்டார்கள். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. அது ஒரு பொற்காலம்.

நம் பின் சீட்டில் மஃப்ளர் கட்டிக்கொண்டு ஒருவர் இருக்கிறாரே, திரும்பாமல் பாருங்கள். வாய் திறந்திருக்கிறதா? அப்படியென்றால் தூக்கம்தான். அவர் என் தாய்மாமன் யாக்கோபு. நான் சொல்லப்போவது எல்லாம் அவருடைய லட்சணத்தைத்தான், அணில் அதில் ஒரு ஓரம்.

அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில். அம்மா கொழுந்து பறிக்கிறவர். வீட்டில் ஆம்பளை என்று சொன்னால் இந்த மாமாதான். எஸ்டேட்டில் மருந்தடிக்கிற வேலை. டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தேயிலைக்கு விஷம் தெளித்துவிட்டு வருவார். பக்கத்தில் உட்கார்ந்தால் நம் மேல் இருக்கிற கொசு தானாக விழும். இந்த அழகில் பீடி வேறு. கல்யாணம் ஆகவில்லை. எவள் கட்டுவாள் சொல்லுங்கள்.

எனக்கு இளைப்பு, அக்கா. பெரிதாக ஒன்றும் இல்லை. மூச்சு இழுக்கும்போது உள்ளே பூனைக்குட்டி அகப்பட்டுக்கொண்ட மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். போன மழைக்காலத்தில் ஒரு தடவை கொஞ்சம் கூடிவிட்டது. உதடு நீலமாகிவிட்டதாம். பஸ் இல்லை, ஜீப் இல்லை. மாமா என்னை முதுகில் போட்டுக்கொண்டு குறுக்கு வழியாக எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். என் மூக்கு முழுக்க அவர் பிடரியில். வேர்வை, பீடி, பூச்சிமருந்து, மூன்றையும் ஒரே சட்டியில் கொதிக்கவைத்த மாதிரி ஒரு வாடை. அதை முகர்ந்துகொண்டே போனேன், வேறு எங்கே மூக்கை வைப்பது? கீழே குனிந்தால் அவர் காலெல்லாம் அட்டை, ரத்தம் குடித்துக் குடித்து நாவல்பழம் மாதிரி. இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. என்னை உள்ளே படுக்கவைத்த பிறகு அந்த ஆள் வராண்டாவில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி இருமிக்கொண்டிருந்தார். அது இருமல் இல்லை என்று நர்ஸ் சொன்னார். நர்ஸுக்கு என்ன தெரியும், பீடிக்காரன் இருமாமல் வேறென்ன செய்வான்.

அன்றைக்கு டாக்டரம்மா ஒரு பம்பு கொடுத்தார். நீல நிறம். வாயில் வைத்து அமுக்கி உறிஞ்சவேண்டும். "காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு, எங்க போனாலும் பையில இருக்கணும், வெட்கப்படக் கூடாது, கண்ணா." இந்தக் கண்ணா போடுகிறார் பாருங்கள், அதிலேயே பாதி இளைப்பு வந்துவிடும். சரி, நீங்களே சொல்லுங்கள். ஆண்டு விழா மேடை. நான் தலைமை ஆசிரியர் குரலில் பேசுகிறேன், பள்ளிக்கூடமே உருண்டு சிரிக்கிறது, தலைமை ஆசிரியரும் வேறு வழியில்லாமல் சிரிக்கிறார். அந்த நேரம் பையிலிருந்து நீலப் பம்பை எடுத்து, கைக்குழந்தை பால் புட்டி சூப்புகிற மாதிரி, எல்லார் முன்னாலும் சூப்பினால்? அப்புறமும் சிரிப்பார்கள்தான். எதைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பதுதான் கேள்வி. அந்த உறை வேறு எச்சில் பட்டு, பைக்குள் கிடந்து, முனையில் நூலும் தூசும் ஒட்டி. சீ.

அதனால் நான் அதை எங்கே வைக்கவேண்டுமோ அங்கே வைத்துவிட்டேன். தீர்ந்துபோச்சு என்று சொன்னால் மாமா டவுனுக்குப் போய்ப் புதியது வாங்கி வருவார். அதையும், அதற்கடுத்ததையும் அங்கேயே வைத்தேன். அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை.

சம்பந்தம் உள்ளது என்னவென்றால், இளைப்பு நிற்கவில்லை. பம்பு வைத்தும் நிற்கவில்லையே என்று மாமா முடிவுகட்டிவிட்டார். இங்கிலீஷ் வைத்தியம் இவன் உடம்புக்குப் பிடிக்காது. அன்றிலிருந்து என் வாய்க்குள் போனதையெல்லாம் சொன்னால் இந்த வளைவிலேயே நீங்கள் ஜன்னலைத் திறக்கவேண்டி வரும். முதலில் நத்தை. ஓட்டை உடைத்து, மஞ்சள் போட்டு, எண்ணெயில் வதக்கி. மூக்கிலிருந்து வருவதை வாய் வழியாக உள்ளே அனுப்பினால் எப்படி இருக்கும், அப்படித்தான். அடுத்து வௌவால். அதில் ஒரு இறக்கை எலும்பு என் கடைவாய்ப் பல்லில் குடைக்கம்பி மாதிரி மாட்டிக்கொண்டது. மாமா டார்ச் அடித்து ஊசியால் எடுத்தார். எடுத்ததைக் கீழே போட்டாரா? இல்லை. திரும்பச் சூப்பில் போட்டார், சத்து வீணாகக் கூடாதாம்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் சாயங்காலம் நான் தலை நனைந்து வந்து நிற்கிறேன். மாமா என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே பார்க்கிறார்.

எங்கள் லைனுக்குப் பின்னால், கக்கூஸுக்குப் போகிற தடத்தில், ஒரு பழைய அயனி மரம். பாதி பட்டுப்போனது. அடியிலும் ஒரு பொந்து, உச்சியிலும் ஒரு பொந்து, நடுவில் குழாய் மாதிரி வெறும் கூடு. மேல் பொந்தில்தான் நம் மகாராணி குடியிருப்பு. பொழுது சாய்ந்ததும் தலையை நீட்டும். பூனை அளவு இருக்கும், வால் மட்டும் இன்னொரு பூனை நீளம். உச்சிக்கு ஏறும். நாலு காலையும் விரித்து ஒரு தாவு. கக்கத்திலிருந்து கால் வரைக்கும் தோல் விரியும், கொடியில் காய்கிற அழுக்குப் பனியன் காற்றில் பறந்த மாதிரி. அப்படியே சரிந்து போய்த் தேயிலைக்கு நடுவில் இருக்கிற சில்வர் ஓக்கின் அடிமரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் மறுபடி உச்சிக்கு ஏறும். மறுபடி தாவும். இதையே இலையும் அத்திப்பழமும் கிடைக்கிற மரம் வரைக்கும் செய்துகொண்டு போகும். போகிற வழியில்தான் என் தலை.

மாமா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

"அக்கா, இதப் பாரு. ஏறுது, தாவுது, திரும்ப ஏறுது. எத்தன மரம். எங்கயாவது நின்னு மூச்சு வாங்குதா பாரு."

அம்மா பார்த்துவிட்டு, வாங்கல என்றார்.

"நம்ம புள்ள இந்தப் படியேற நாலு இடத்துல உக்காருறான். அப்ப அந்த நெஞ்சுக்குள்ள என்னமோ இருக்குதுதானே?"

முடிந்தது. இரண்டு பேரும் மேலே பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். கசாப்புக் கடையில் ஆடும் வாடிக்கைக்காரனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கடைக்காரர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. அதன் ஈரலும் நெஞ்சுக்குலையும் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து வந்ததும். அம்மா சனிக்கிழமையே மிளகும் சீரகமும் அரைத்து டப்பாவில் போட்டுவிட்டார். "கண்ண மூடிட்டு ஒரே மடக்குல குடிச்சிரு, சாமி. வாயில வெல்லம் போடுறேன்."

நான் சும்மா இருப்பேனா? எங்கள் விலங்கியல் சார் ஞானசிகாமணியிடம் போய்க் கேட்டேன். அவருக்கு எல்லாமே மூக்கிலிருந்துதான் வரும். "எழுதிக்கொள். பறக்கும் அணில் பறக்காது, சறுக்கும். எழுதிவிட்டாயா? கொறித்துண்ணி வரிசை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆனைமலை, மேகமலை, தெற்கே களக்காடு வரை. வடக்கே மத்திய இந்தியா வரை. இலங்கையிலும் உண்டு. இதிலேயே எலி அளவு சின்ன வகை ஒன்று உண்டு, அபூர்வம். பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரே குட்டி. வால் திசை திருப்ப. அடிக்கோடிடு." இதைத் தின்றால் இளைப்பு போகுமா சார் என்றேன். "தின்பவன் ஜெயிலுக்குப் போவான். அங்கே போனால் எல்லா வியாதியும் தெரியும். அதற்கும் அடிக்கோடிடு." மாமாவிடம் வந்து இதை அப்படியே சார் குரலில் சொல்லிக் காட்டினேன். மாமா நன்றாகச் சிரித்தார். சிரித்துவிட்டு, சாக்கு எங்கே என்று தேடப் போனார்.

அணில் மேல் எனக்குப் பரிதாபம் என்று நினைத்துவிடாதீர்கள், அக்கா. அது செத்தால் என் தலை காயும். ஆனால் என்னை நனைத்த பிராணியையே நான் குடிக்கவேண்டும் என்றால்? அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று இந்த உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? நினைத்த மாத்திரத்தில் ஓங்கரிப்பு வந்தது. ஆகவே, அந்த அருவருப்புக்காக மட்டும்தான், நான் ஒரு ஏற்பாடு செய்தேன்.

ரேஞ்சர் தணிகைவேல். யானை வந்தால் என்ன செய்யவேண்டும் என்று கூட்டம் போட எங்கள் எஸ்டேட்டுக்கு வந்திருந்தார். தொண்டைக்குள் ஜல்லி கொட்டின மாதிரி குரல். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு கொக்கி போடுவார். "யானை வந்தா லைட்டு அடிக்காதே. புரியுதா இல்லையா? பட்டாசு போடாதே. புரியுதா இல்லையா?" புரியவில்லை என்று சொல்ல ஆளே கிடையாது. மாமா போலீஸுக்குப் பயப்பட மாட்டார், பேய்க்குப் பயப்பட மாட்டார், காக்கியில் பச்சைப் பட்டை பார்த்தால் மட்டும் கை தானாகக் கட்டிக்கொள்ளும். எனக்கு அந்தக் குரல் இரண்டு நாளில் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நல்ல வெயில். நான் முன்னாலேயே போய் மரத்துக்கு மேல் பக்கச் சரிவில், தேயிலைச் செடிக்குள் உட்கார்ந்துகொண்டேன். மாமா வந்தார். கையில் சாக்கு, சுள்ளி, சருகு, ஒரு பொட்டலம். அந்தப் பொட்டலம் என்ன என்று நான் யோசிக்கவில்லை. பகலில் தூங்குகிற பிராணிக்கு அடிப் பொந்தில் நெருப்பு வைத்தால் புகை குழாய் வழியாக ஏறி மேல் பொந்தில் வரும், மூச்சு முட்டி வெளியே விழும், தரையில் அதற்கு ஓடத் தெரியாது, சாக்கைப் போட்டு அமுக்கவேண்டியதுதான். அதுதான் முறையாம். மாமா சருகை அடிப் பொந்துக்குள் அள்ளித் திணித்தார். உள்ளே ஏற்கெனவே ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்கவேண்டுமா இல்லையா? பார்க்கவில்லை. எந்த வேலையிலும் ஒரு சுத்தம் கிடையாது. பற்றவைத்தார். பொட்டலத்தைப் பிரித்து மேலே கொட்டினார். காய்ந்த மிளகாய்.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"யாருய்யா அது, மரத்துகிட்ட? கைய எடு. அசையாத. புரியுதா இல்லையா?"

அக்கா, அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். மாமா தலையில் கட்டியிருந்த துண்டு தானாகக் கழன்று கக்கத்துக்கு வந்துவிட்டது. கை கட்டிக்கொண்டது. திரும்பக்கூட இல்லை, மரத்தைப் பார்த்து நின்றபடியே, ஐயா, ஐயா என்றார். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு சுத்தமாக எந்தக் குரலும் வந்ததில்லை. அப்போதே, நெருப்பை அணை, வீட்டுக்குப் போ என்று முடித்திருக்கலாம். ஆனால் இவ்வளவு நல்ல குரலை அதற்குள் யார் முடிப்பார்கள்? பேரைச் சொல்லு என்றேன். சொன்னார். அப்பன் பேர்? சொன்னார். இது என்ன பிராணி தெரியுமா, பிடித்தால் எத்தனை வருஷம் தெரியுமா? தெரியும்ங்கய்யா என்றார். வெட்கமில்லையா உனக்கு, எதுக்குய்யா இந்த அசிங்கம் பிடித்த கறி என்றேன்.

மாமா கக்கத்துத் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். பிறகு மரத்தைப் பார்த்தே சொன்னார்.

"அக்கா மகனுக்குங்கய்யா. மூச்சு வுட முடியல அவனுக்கு. ராத்திரி அவன் நெஞ்சுச் சத்தம் கேட்டுகிட்டே படுத்திருப்பேன். கேட்டாலும் பயம், கேக்காட்டியும் பயம். ஒரு வாட்டி இதக் குடுத்துப் பாத்துர்றேன்ங்கய்யா. அப்புறம் நானே நடந்து வந்து ஜெயில்ல உக்காந்துக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வராததற்குக் காரணம் புகை. காற்று திரும்பிவிட்டது. அந்த மிளகாய்ப் புகை மொத்தமும் செடிக்குள் வந்து என் கண்ணில், மூக்கில், தொண்டையில். கண்ணிலிருந்து தண்ணீராக ஊற்றுகிறது. மிளகாய் அப்படி. அடுத்த வார்த்தையைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். "போய்யா" என்று ஆரம்பித்தேன். 'போ' ரேஞ்சர் குரலில் வந்தது. 'ய்யா' வரவில்லை. அதற்குப் பதிலாக உள்ளே பூனைக்குட்டி கத்தியது.

இன்னொரு தடவை இழுத்தேன். இன்னும் பெரிதாகக் கத்தியது.

மாமாவின் தலை மெல்லச் சாய்ந்தது. காது கொடுத்துக் கேட்கிற மாதிரி. பிறகு திரும்பாமலே, கையைக் கட்டியபடியே சொன்னார்.

"ரேஞ்சரய்யா, மூச்ச இழுத்துப் புடிக்காதீங்க. மெதுவா வுடுங்க. குனிஞ்சு உக்காருங்க. நான் வர்றேன்."

எவ்வளவு கேவலம் பாருங்கள். யார் குரலை வேண்டுமானாலும் எடுப்பேன், இந்த மூச்சு மட்டும் போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே வந்து என் பேரைச் சொல்லும்.

மாமா ஓர் அடிதான் எடுத்துவைத்தார். பொந்துக்குள் டமார் என்று ஒரு வெடி. மாமா உட்கார்ந்துவிட்டார். மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. சருகையும் நெருப்பையும் பொந்து வெளியே துப்பியது. பிளாஸ்டிக் கருகின நாற்றம், அதோடு மிளகாய், அதோடு மருந்து. அந்த மூன்றாவது வெடிக்குத்தான் மேல் பொந்திலிருந்து அது வெளியே வந்தது.

வாயில் ஒரு குட்டி. உரித்த மாதிரி, உள்ளங்கை அளவு, கண் முழுக்கத் திறக்காதது. அதைக் கவ்விக்கொண்டு பட்டப்பகல் வெயிலில் கண் கூசி ஒரு நொடி நின்றது. பிறகு விரித்தது. எங்கள் இரண்டு பேர் தலைக்கும் மேலே வந்தது. மாமா தலையில் முழுசாக விட்டது, எனக்குக் கொஞ்சம் தெறித்தது. வந்து, என் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், சில்வர் ஓக்கின் அடியில் ஒட்டிக்கொண்டது.

ஏறவில்லை.

அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. குட்டியை விடவில்லை. அதன் விலா இரண்டும் உள்ளே போய் வெளியே வந்து, உள்ளே போய் வெளியே வந்து. வாயில் குட்டி இருந்ததால் மூக்கு வழியாகத்தான் இழுக்க முடிந்தது. சத்தம் எனக்குக் கேட்டது. எனக்குத் தெரியாத சத்தமா அது. நான் இந்தப் பக்கம் இழுக்கிறேன், அது அந்தப் பக்கம் இழுக்கிறது. மூக்கு ஒழுகின, பல் மஞ்சளான, நாறுகிற அந்தப் பிராணியோடு ஜோடி போட்டுப் பாடுகிற நிலைமை எனக்கு வந்தது பாருங்கள்.

மாமா வந்து நின்றார். தலையிலிருந்து அது விட்டது வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்கும் இளைக்குதேடா," என்றார்.

அவ்வளவுதான். அந்த ஆளின் வைத்தியம் முழுக்க அந்த இடத்தில் காலியானது. சாக்கை எடுத்து நெருப்பின் மேல் போட்டு அடித்தார். காலால் சருகை இழுத்துச் சிதறவிட்டார். அதற்குள்ளிருந்து உருகின நீலப் பிளாஸ்டிக் மூன்று உருண்டை உருண்டு வந்தது. கிழிந்த அலுமினியக் குப்பி ஒன்று. மாமா குனிந்து அதை எடுத்தார், சுட்டதும் கீழே போட்டார், மறுபடி எடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது குரலில் ஏதாவது சொல்லியிருப்பேன், அன்றைக்குக் குரலும் இல்லை. அந்த உருண்டைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னைத் தூக்கி முதுகில் போட்டார். மறுபடி அதே பிடரி. வேர்வை, பீடி, பூச்சிமருந்து. இந்தத் தடவை அதன் மூத்திரமும். ஆஸ்பத்திரி வரைக்கும் நான் மூக்கை எடுக்கவில்லை. எடுக்கத் தெம்பில்லை, அதனால்தான்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் முகமூடி மாட்டி மருந்துப் புகை வைத்தார்கள். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை, மாமாவைத் திட்டினார். வீட்டுக்குள்ள பீடி, மேலெல்லாம் பூச்சிமருந்து, அப்புறம் எங்கிருந்து புள்ளைக்குக் குணமாகும் என்று. உருண்டைகளைப் பற்றி மாமா வாயே திறக்கவில்லை. தலையைக் குனிந்து எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டு நின்றார். தனக்குச் சேரவேண்டியதையும், மற்றவர்களுக்குச் சேரவேண்டியதையும். மானம் ரோஷம் உள்ள ஆளாக இருந்தால் பையிலிருந்து எடுத்துக் காட்டியிருப்பார் இல்லையா?

இப்போது பீடி இல்லை. பாக்கு மெல்லுகிறார், அது இன்னும் அசிங்கம், வாசலெல்லாம் சிவப்பு. வேலை முடிந்ததும் எஸ்டேட் குழாயிலேயே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார், அந்த லைஃப்பாய் வாடை எனக்கு ஆகவே ஆகாது.

அணிலா? நாலு நாள் காணவில்லை. அந்த நாலு நாளும் சாயங்காலம் ஆனால் நான் கக்கூஸ் தடத்தில் நின்றேன், வேறு வேலை இல்லாமல். பிறகு வந்துவிட்டது, அதே மேல் பொந்துக்கு. குட்டி இப்போது முதுகில் தொற்றுகிற அளவுக்கு ஆகிவிட்டது, அதுவும் சீக்கிரம் என் தலைக்குப் பழகும். மாமா தினமும் குடையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்று, வெளியே வந்துருச்சா, தாவிருச்சா, மூச்சு வாங்குதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார். போன வாரம் அடுத்த லைனிலிருந்து ஒருவன் மாமியாருக்கு முட்டுவலி என்று சாக்கோடு வந்தான். மாமா என்ன செய்தார் தெரியுமா? தேயிலைச் செடிக்குள் குனிந்துகொண்டு, "யாருய்யா அது, புரியுதா இல்லையா" என்றார். அக்கா, காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. ரேஞ்சருக்குச் சளி பிடித்து, அந்தச் சளிக்கும் சளி பிடித்த மாதிரி ஒரு குரல். என் தொழிலுக்கே அவமானம். அவன் ஓடிவிட்டான் என்பது வேறு விஷயம், அவனுக்குக் குரல் ரசனை கிடையாது.

இன்றைக்குப் பொள்ளாச்சியில் நெஞ்சு டாக்டரிடம் காட்டப் போகிறோம். ஊதச் சொல்லி ஒரு மிஷின் வைத்திருக்கிறாராம், இதற்கு முன்னால் எத்தனை பேர் வாய் வைத்ததோ. அதனால்தான் காலையிலிருந்து எனக்கு... இல்லை, ஒன்றும் இல்லை. வளைவு அதிகம். ஜன்னல் வழியாக டீசல் புகை வேறு. பேசினால் கொஞ்சம் இப்படி... தானாகச் சரியாகும். என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்... அந்த விலங்கியல் சார் குரலில்... இருங்கள்.

தோளில் ஏதோ இடிக்கிறது.

பாருங்கள். பின்னால் திரும்புங்கள். வாய் மூடியிருக்கிறதா? அப்போதே நினைத்தேன். எத்தனை வளைவாகக் கேட்டுக்கொண்டு வருகிறாரோ. கையில் என்ன நீட்டுகிறார் என்று தெரிகிறதல்லவா, நீலமாக. முனையைத் துடைத்து, கைக்குட்டையில் சுற்றி.

"எடுத்து வாயில வை. மெதுவா இழு. புடி. புரியுதா இல்லையா?"

கேட்டீர்களா அந்தக் குரலை? கேட்டீர்களா? பஸ்ஸில் இத்தனை பேர் இருக்கும்போது. அந்தப் பெரியவர்கூடத் திரும்பிப் பார்க்கிறார். நீங்கள் பார்க்காதீர்கள், அக்கா. அந்தப் பக்கம் பாறையில் குரங்கு உட்கார்ந்திருக்கிறது, அதைப் பாருங்கள். ஒரு நிமிஷம்.

சீ. கசப்பு.

ரேஞ்சர் குரலாம். ஜல்லி தொண்டையில் இருக்கவேண்டும், அவருக்கு மூக்கில் இருக்கிறது. வீட்டுக்குப் போய் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தடவை சாக்கோடு வருகிறவன் நம்ப மாட்டான்.

இருங்கள், இன்னும் திரும்பாதீர்கள். டாக்டரம்மா இரண்டு தடவை இழுக்கச் சொல்லியிருக்கிறார்.